பையைக் கொட்டச் சொல்லும் சிஸ்டர்

கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிற நமக்குக் கத்திக்கொண்டு வருகிற நோயாளியிடம் பயம் கிடையாது. சிரித்துக்கொண்டே நடந்து வருகிறவரைப் பார்த்தால்தான் பயம். கத்துகிறவருக்கு என்ன என்று கண்ணுக்கே தெரியும். எலும்பு உடைந்திருக்கும், ரத்தம் வரும், பாம்பு கடித்த இடம் வீங்கியிருக்கும். பாரசெட்டமால் அதிகமாகப் போனவர் அப்படி இல்லை. முதல் நாள் ஒன்றிரண்டு வாந்தி இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். மறுநாள் 'இப்போ தேவலை' என்பார். அந்த நேரத்தில்தான் ஈரல் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி வரும்போது நாம் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, அது ஓடினவர்களுக்குத்தான் தெரியும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ரோட்டோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாறு வருஷமாக நான் சுஜா சிஸ்டர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் களியக்காவிளை, தமிழ்நாடு. ஏறாவிட்டால் கேரளம். இந்தப் பக்கத்துக் கடையில் வாங்கிய குளிகை கேட்கவில்லை என்றால் அந்தப் பக்கம் போய் 'கொஞ்சம் கடுப்பமானது', அதாவது வீரியம் கூடியது, வேண்டும் என்பார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே வந்து அதையே கேட்பார்கள். மாத்திரையைத்தான் இங்கே குளிகை என்கிறோம். பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, உள்ளே இருப்பது இரண்டிலும் ஒரே பாரசெட்டமால். காய்ச்சல் குளிகையில் அது, மேல்வலிக் குளிகையில் அது, ஜலதோஷக் குளிகையிலும் அதுதான். என் தூக்கம் போனதெல்லாம் இதனால்தான்.

ஒன்று கேட்டேன்

சுகுமாரன் ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் வெட்டுகிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், ஒரு காலையில் மனைவி லீலாவோடு வந்தார். நான்கு நாளாகக் காய்ச்சல், அன்றைக்கு விடிந்ததிலிருந்து வாந்தி. கேஷுவாலிட்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். "என்ன குளிகை தின்னிய?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்துச் சீட்டில் எழுதினேன். டாக்டர் வந்து வாந்திக்கு ஊசியும் ஒரு பாட்டில் குளுக்கோசும் எழுதிக் கொடுத்தார். மத்தியானம் மூன்று மணிக்கு "சுகம் உண்டு சிஸ்டரே" என்று சுகுமாரன் எழுந்து நடந்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று சிரித்து எனக்குக் கையும் காட்டினார்.

இரண்டு நாள் கழித்து லீலா அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். கண் இரண்டும் மஞ்சள், பேச்சு குழறியது. அப்போதுதான் லீலா இடுப்பிலிருந்து ஒரு கவரை எடுத்தார். கவர் என்றால் இங்கே பிளாஸ்டிக் பை. அதற்குள் மூன்று அட்டை. பெருங்கடவிளை கிளினிக்கில் கொடுத்தது ஒன்று. மச்சினன் களியக்காவிளையிலிருந்து வாங்கி வந்தது ஒன்று. வீட்டில் கிடந்த ஜலதோஷக் குளிகை ஒன்று. கஞ்சிகூட இறங்காத வயிற்றில் காய்ச்சலடித்த அந்த நாலு நாளும் மூன்றையும் மாறி மாறிப் போட்டிருக்கிறார். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். பாலராமபுரம் எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியாது.

பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் பாதி ஆளாக மெலிந்து எங்கள் வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க ஒண்ணு கேட்டிய சிஸ்டரே, நான் ஒண்ணு காட்டினேன். ரெண்டு பேருக்கும் அதுக்குமேல தோணல்லை."

செக்போஸ்ட்

அதற்குப் பிறகு நான் யாரிடமும் 'என்ன குளிகை' என்று கேட்பதில்லை. ஒரு ஸ்டீல் டிரேயை மேசையில் வைத்து, "கவரைக் கொட்டுங்க" என்பேன். கவர் முடிந்தால் சட்டைப் பை, அது முடிந்தால் மடி. வீட்டில் மேசை இழுப்பறையில் என்ன கிடக்கிறது என்று போன் போட்டுக் கேட்கச் சொல்வேன். நேற்று தின்றது, முந்தாநாள் தின்றது, பக்கத்து வீட்டுக்காரர் அன்பாகக் கொடுத்தது, எல்லாம் டிரேயில் வர வேண்டும். பின்பக்கத்தில் எறும்பு மாதிரி அச்சடித்திருப்பதைக் கண்ணாடி போட்டு வாசித்து, பாரசெட்டமால் இருக்கிற அட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்குவேன். காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். கூட வேலை பார்க்கிறவர்களும் முணுமுணுப்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு தொல்லை பிடித்த சிஸ்டர் இருந்தால் தயவுசெய்து அவளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அவளுக்கும் ஒரு சுகுமாரன் இருப்பார்.

பெருங்கடவிளைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் ராஜப்பன் முதுகுவலியோடு வந்தார். அவர் கவரிலிருந்து வந்தவை: மூன்று அட்டை, கிழிந்த லாட்டரிச் சீட்டு, குலை வெட்டுகிற கத்தி, கோயில் சந்தனம் வைத்த இலைத் துண்டு, பாதி கடித்த பலாச்சக்கை வற்றல். மூன்று அட்டையில் இரண்டு ஒரே மருந்து. நல்லவேளை, முந்தின நாள்தான் ஆரம்பித்திருந்தார். ரத்தம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. ஒன்றை நிறுத்தச் சொல்லி, அந்த அட்டையை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். வேட்டியை உதறி மடித்துக் கட்டிக்கொண்டே ராஜப்பன் சொன்னார்: "முப்பது வருஷமாட்டு குலை ஏத்திட்டுப் போறேன், களியக்காவிளை செக்போஸ்டில கூட என்னை இப்படிச் சோதிச்சதில்லை."

மாம்பழ வாசம்

காஞ்சிரங்குளத்துக்கு அப்பால் கடற்கரையிலிருந்து ரெஜினா என்ற பெண் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பையன் பெயர் ஜோயல். காய்ச்சல் மருந்துக் குப்பியைத் திறந்து குடித்துவிட்டான். குப்பியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கணவன்தான் கடைசியாக மருந்து கொடுத்தானாம், அவன் வள்ளத்தில் கடலுக்குப் போய்விட்டான், போன் எடுக்கவில்லை. குடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பையனோ என் மேசைக்கு அடியில் தவழ்ந்து என் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

இந்த விஷயத்தில் ரத்தத்தை உடனே எடுத்துப் பிரயோஜனம் இல்லை. உள்ளே போன மருந்து முழுக்க ரத்தத்தில் கலக்க வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். இதை ஒரு தாய்க்கு எப்படிச் சொல்வது என்று யாராவது கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள். "பிள்ளை விஷம் குடிச்சிருக்கான், நீங்க மணிக்கூறு பாத்திட்டிருக்கிய!" என்று ரெஜினா என் கையைப் பிடித்து உலுக்கினாள். நானும் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நகரவில்லை. ரத்தத்தை எடுத்து நகரத்து லேபுக்கு பைக்கில் அனுப்பி, பதில் வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அவளும் நானும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மாற்றுமருந்து வேண்டுமா என்று பார்க்க டாக்டர்கள் வைத்திருக்கிற வரைபடத்தில் அளவு கோட்டுக்குக் கீழே இருந்தது, மருந்து ஏற்ற வேண்டியதில்லை. ரெஜினா சுவரில் சாய்ந்து அழுதாள். ஜோயல் என் சேலை நுனியை இழுத்துக் கேட்டான்: "மாம்பழ மருந்து இனியும் உண்டா?"

எல்லாரும் சாயை குடிக்கப் போங்க

ஒரு மத்தியானம் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தியை வீடே கூடிக் கொண்டுவந்தது. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி என்றார்கள். அப்பா சொன்னார், சித்தப்பா சொன்னார், அம்மா தலையசைத்தார். பெண் மட்டும் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எல்லாரும் ஒரே வார்த்தையை ஒரே மாதிரி சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "எல்லாரும் போயி ஒரு சாயை குடிச்சிட்டு வாருங்க" என்று டீக்கடைக்கு அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன், "மக்கா, வேணுமெண்ணு ஏதாவது முழுங்கினியா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று சிலர் பயப்படுவார்கள். அப்படி இல்லை. கேட்காமல் விட்டால்தான் ஆபத்து. அவள் அழுதாள், பிறகு சொன்னாள். எவ்வளவு, எப்போது என்பதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன், இங்கே எழுதப் போவதில்லை.

நேரத்துக்கு வந்திருந்தாள், அதுதான் அவளைக் காப்பாற்றியது. ரத்த அளவு கோட்டுக்கு மேலே இருந்தது. மாற்றுமருந்தை உடனே ஏற்றத் தொடங்கினோம். மறுநாள் மனநல டாக்டர் வந்து அவளோடும் பிறகு அம்மாவோடும் வெகுநேரம் பேசினார். அந்த அம்மா தன் பெண்ணின் கையைப் பிடித்த பிடியை இரண்டு நாளும் விடவில்லை. ஈரல் தப்பியது. இப்போது அந்தப் பெண் வேலைக்குப் போகிறாள், ரோட்டில் கண்டால் ஸ்கூட்டரை நிறுத்திப் பேசுகிறாள். ஆனால் அன்றைக்கு அவள் சொன்ன ஒரு வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை: "காய்ச்சக் குளிகைதானே, என்ன செய்யப்போவுதுன்னாக்கும் நினைச்சேன்."

ரிப்போர்ட் நார்மல்

தங்கப்பன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முழங்கால் வலிக்கு இந்தப் பக்கம் ஒரு டாக்டர், அந்தப் பக்கம் ஒரு டாக்டர், இரண்டு பேருக்கும் மற்றவரைத் தெரியாது. சாயங்காலமானால் சின்னதாக ஒன்று ஊற்றிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. டிரேயில் கொட்டினால் நான்கு அட்டையில் மூன்று ஒன்றுதான். ஈரல் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். நார்மல். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் இந்த மருந்தில் முதல் நாள் ரிப்போர்ட் நல்லபிள்ளையாகத்தான் இருக்கும். எங்கள் டாக்டர் அனீஷும் படுத்துக்கொள்ளச் சொன்னார். தங்கப்பன் உடனே துபாயில் இருக்கிற மகனுக்கு வீடியோ கால் போட்டார். "ரிப்போர்ட் நார்மல் இல்லியா, பின்னே எதுக்கு எங்கப்பனைப் பிடிச்சு வச்சிருக்கிய?" என்று மகன் போனுக்குள்ளிருந்து என்னைக் கேட்டான். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, தங்கப்பன் சிரித்துக்கொண்டே போனார்.

கையெழுத்து ஆஸ்பத்திரிக்குப் போதும், எனக்குப் போதாது. மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போன் செய்தேன், வாந்தி உண்டா என்று கேட்டேன். ஒரு மணிக்குச் செய்தேன், சாப்பிட்டாரா என்றேன். மூன்று மணிக்குச் செய்தபோது மனைவி எடுத்து, தூங்குகிறார் என்றாள். எழுப்பி என்னிடம் பேசச் சொன்னேன். அந்தக் குரல் வந்த பிறகுதான் போனை வைத்தேன். ஐந்து மணிக்கு ஆளே எதிரில் வந்து நின்றார். மறுபடி ரத்தம் எடுத்தோம், இந்தத் தடவை நம்பர் ஏறியிருந்தது. உடனே படுக்க வைத்து மருந்து ஏற்றினோம், மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். உடம்புக்குப் பயந்து அவர் திரும்பி வரவில்லை. காரணத்தை அவரே சொன்னார்: "எனக்க பெஞ்சாதிகூட கலியாணம் கழிஞ்ச நாளிலேருந்து இம்புட்டு விளிச்சதில்லை, இதை நிறுத்தத்தான் வந்தேன்."

மீன் சருவமும் நாலு அட்டையும்

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் இறங்கினவர் சுகுமாரன். பதிமூன்று வருஷத்தில் தலை நரைத்திருந்தது, மற்றபடி திடமாக இருந்தார். கையில் ஒரு பெரிய அலுமினியச் சருவம், அதில் பாதி மீன். பின்னாலேயே சண்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். பெயர் செலின், கடற்கரைக்காரி. தினமும் விடியுமுன் வெள்ளாப்பில் ஆட்டோ பிடித்து மீனோடு ஒற்றசேகரமங்கலம்வரை வந்து விற்பவள், சுகுமாரன் வீட்டுக்கும் அவள்தான் மீன்காரி. அன்று ஜங்ஷனில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, மடியிலிருந்து இரண்டு அட்டையை எடுத்து இரண்டிலும் ஒவ்வொன்று பிதுக்கி வாயில் போட்டதைச் சுகுமாரன் பார்த்திருக்கிறார். எத்தனை நாளாக என்று கேட்டிருக்கிறார். பதிலைக் கேட்டதும் மீனைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டார். மீன் போனால் பின்னால் தானும் வருவாள் என்று அவருக்குத் தெரியும்.

"இவனுக்குப் பிராந்தாக்கும். எனக்கு ஒண்ணும் இல்லை, பல்லுவலி" என்றாள் செலின். ஞாயிற்றுக்கிழமை மகள் ஷைனிக்கு மனசம்மதம். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளியில், அதாவது சர்ச்சில், அச்சன் என்கிற பாதிரியார் முன்பு பெண்ணும் பையனும் சம்மதம் சொல்கிற சடங்கு. பல்லைப் பிடுங்கினால் முகம் வீங்கும், போட்டோவில் நன்றாக இருக்காது என்று தள்ளிப் போட்டிருக்கிறாள். ஐந்து நாளாக மெல்ல முடியவில்லை, பால் இல்லாத கட்டன்சாயையும் குளிகையும்தான் ஆகாரம். மடியைக் கொட்டச் சொன்னேன். நான்கு அட்டை. நான்கையும் திருப்பி வாசித்தேன், நான்கும் ஒன்று. அதை அவளிடமே சொன்னேன். அவள் வலியையும் மறந்து சிரித்தாள், அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. இரண்டு அட்டையைத் தனியாகத் தள்ளி வைத்து, தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்: "இது கேரளக் குளிகை, பகலுக்கு. அது தமிழ்நாட்டுக் குளிகை, ராத்திரிக்கு. ரெண்டும் ரெண்டு சர்க்காருக்குள்ளதாக்கும் சிஸ்டரே, ஒண்ணோடொண்ணு சேராது."

கெட்ட முட்டை

ரத்தப் பரிசோதனையில் ஈரல் நம்பர் ஏறியிருந்தது. ஒரே தடவையில் விழுங்கினவருக்குத்தான் அந்த நான்கு மணி நேரக் கணக்கு உதவும். நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவருக்கு அது உதவாது. டாக்டர் அனீஷ் தாமதிக்கவில்லை, மாற்றுமருந்து ஏற்றச் சொல்லிவிட்டார். ஒரு நாள் முழுக்க சொட்டுச் சொட்டாக ஏற வேண்டிய மருந்து. ஏற்றத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் செலினுக்குக் கழுத்தெல்லாம் சிவந்து தடித்தது, அரிப்பு தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் புருஷன் பத்ரோஸ் வந்து சேர்ந்தார். நடந்து வந்தவளை நாங்கள் நோயாளி ஆக்கிவிட்டோம் என்று ஊசியைப் பிடுங்கக் கை நீட்டினார். சில பேருக்கு இந்த மருந்து இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும். மருந்தை நிறுத்தி, அரிப்புக்கு ஊசி போட்டு, தடிப்பு அடங்கினதும் மெதுவாக மறுபடி தொடங்கினோம். அதுவரை பத்ரோசின் கையைச் சுகுமாரன் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த மருந்துக் குப்பியை உடைத்தால் கெட்ட முட்டை நாற்றம் வரும், அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அடுத்த பாட்டிலுக்கு நான் குப்பிகளை உடைக்க உடைக்க வார்டே மூக்கைப் பிடித்தது. கீழே கேட்டுக்குப் பக்கத்தில் சுகுமாரன் மிச்ச மீனைக் கூவி விற்றுக்கொண்டிருந்தது மேலே கேட்டது. ரப்பர் வெட்டுகிறவருக்கு மீன் கூவத் தெரியவில்லை. செலின் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்: "எனக்க மீனு மூணு நாள் வெயிலில கெடந்தாலும் இந்த நாத்தம் நாறாது."

மனசம்மதம்

சனிக்கிழமை மத்தியானம் மருந்து முடிந்தது. அதற்குள் பத்ரோஸ் ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் ரத்தத்தில் நம்பர் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. இன்னொரு பாட்டில் ஏற வேண்டும் என்றார் டாக்டர். செலின் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். "பல்லுவலிக்கு வந்தவளைப் பிடிச்சு வச்சு எனக்க பிள்ளைக்கக் காரியத்தைக் கெடுக்குதிய. பேப்பரைத் தாருங்க, கையெழுத்துப் போடியேன்" என்றாள். எனக்கு வாதாடத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சுகுமாரனைக் காட்டி, பதிமூன்று வருஷமாக வெளியே சொல்லாததைச் சொன்னேன். "அக்கா, இவரும் இப்படித்தான் நடந்து போனார். சுகம் உண்டுன்னு சிரிச்சார். ஓர் அட்டையைப் பாத்திட்டு மத்ததைக் கேக்காம அனுப்பினது நானாக்கும்." சுகுமாரன் தரையைப் பார்த்தபடி, "மூணாம் நாளு எனக்கு எனக்க பிள்ளைக்கப் பேரு ஓர்மைக்கு வரல்லை செலினக்கா" என்றார். அப்போது வாசலில் நின்ற ஷைனி உள்ளே வந்து அம்மாவைத் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். "அம்மை வராம நான் சம்மதம் சொல்லமாட்டேன். அச்சன்கிட்ட கேட்டாச்சு, நாளைக்குச் சாயங்காலம் வச்சுக்கலாம்ன்னாரு" என்றாள். செலின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். அடுத்த பாட்டிலைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, ஆனாலும் காலையிலேயே வந்துவிட்டேன். வீட்டில் இருந்து என்ன செய்வது, போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. நம்பர் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் அனீஷ் இரண்டு தடவை வாசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை திரும்ப வந்து ரத்தம் காட்ட வேண்டும், பல்லை அதற்கப்புறம் எடுக்கலாம், அதுவரை பல்லில் வைக்க ஒரு மருந்து மட்டும் என்று எழுதி டிஸ்சார்ஜ் கொடுத்தார். செலின் ஆஸ்பத்திரி பாத்ரூமிலேயே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியை ரவிக்கைக் கைக்குள் மறைத்திருந்தாள். நானும் சுகுமாரனும் கேஷுவாலிட்டி வாசலில் நின்று பார்த்தோம். கேட்டுவரை போனவள் திரும்பி நின்று, சிரித்து, கையைக் காட்டினாள்.

அந்தக் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் திரும்பினால் சுகுமாரன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். அவள் ஏறிய ஆட்டோவின் கம்பியைப் பிடித்து நிறுத்தி, "அக்கா, கவரைக் கொட்டுங்க" என்றேன். செலின் தலையில் அடித்துக்கொண்டு மடியில் கொட்டினாள். ஒரு ஜெபமாலை, சீப்பு, டாக்டர் எழுதின சீட்டு, அதற்கு அடியில் பளபளவென்று ஒரு புது அட்டை. சடங்கு நேரத்தில் பல் வலித்தால் என்ன செய்வாள் என்று பத்ரோஸ் எதிர்க்கடையில் வாங்கியதாம், 'நல்ல கடுப்பமானது'. திருப்பி வாசித்தேன். அதேதான். அட்டையை நான் வாங்கிக்கொண்டேன். ஆட்டோ போன பிறகும் நான் ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சுகுமாரன் காலிச் சருவத்தை எடுத்துத் தோளில் வைத்தபடி என்னைத் தாண்டிப் போகையில் சொன்னார்: "இன்னைக்காக்கும் சிஸ்டரே, நீங்க முழுக்கக் கேட்டது."

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, ஊருக்கெல்லாம் சொல்கிறோமே என்று என் கைப்பையை நானே மேசையில் கொட்டிப் பார்த்தேன்: தலைவலிக்கு ஒன்று, இடுப்புவலிக்கு ஒன்று, ஜலதோஷத்துக்கு ஒன்று, மூன்று அட்டைக்கும் ஒரே மருந்து.